மாறாத மூன்று மில்லிகிராம்

நீலக் கரைசல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இடது கை குவளையைச் சாய்த்துப் பிடித்திருந்தது. வலது கை, கீழே வெதுவெதுப்பாக இருந்த சாற்றைக் கண்ணாடிக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தது. குச்சி பாத்திரத்தின் சுவரில் படவில்லை. கலக்கும் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டு கைகளும் இருவேறு ஆட்களுடையவை போலத் தோன்றும். ஒன்றின் வேலை மற்றொன்றுக்குத் தெரியாதது போல.

ஈஸ்ட்டை அழுத்தக் கொதிகலனில் வேகவைத்து வடித்தெடுத்த சாறு அது. நீலமாக விழுந்தது தாமிரக் கரைசல். ஒரு கட்டம் வரை ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று சாறு கலங்கும். வெளிர்நீலத்தில் கோந்து போல ஏதோ திரண்டு அடியில் போய் உட்காரும். அந்தக் கணம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். குச்சி ஒரு நூல் அளவுக்குக் கனக்கும். ஆனால் இந்த வருடம் அந்தக் கனம் சரியாகத் தெரிவதில்லை. நடுவில் கையுறை இருந்தது.

கைகளின் சொந்தக்காரி வில்மா. வயது ஐம்பத்தாறு. பிராட்டிஸ்லாவா நகரில், மேட்டுச் சாலையில் டிராலி பேருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி நிற்கும் இடத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருபத்து நான்கு வருடங்களாகச் சோதனைக்கூட உதவியாளர். பட்டம் எதுவும் இல்லை. பள்ளி முடித்ததும் ஒரு சீனி ஆலையின் சோதனை அறையில் சேர்ந்தாள். லாரியில் வரும் பீட் கிழங்கின் சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று பார்த்துச் சொல்வது வேலை. ஆலையை மூடியபோது, கையில் இருந்த அந்த ஒரே வித்தையோடு இந்த நிலையத்துக்கு வந்தாள்.

வந்த முதல் வருடம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆலையில் சர்க்கரை என்றால் இனிப்பு. மூட்டையில் கட்டி விற்பது. இங்கே இனிப்பைப் பற்றி யாருமே பேசவில்லை. நூலகத்திலிருந்து பள்ளிப் பாடப்புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அடுத்து கல்லூரிப் புத்தகம். பென்சிலில் அடிக்கோடு போடுவாள். திருப்பிக் கொடுக்கும் முன் அதே பென்சிலின் மறுமுனையால் அழித்துவிடுவாள். மூன்றாம் வருடம் ஒருநாள், பேருந்தில் போகும்போது, சட்டென்று பிடிபட்டது. உயிருள்ள ஒவ்வொரு செல்லும் வெளியே சர்க்கரையைத்தான் உடுத்தியிருக்கிறது. சங்கிலியாகக் கோத்து, கிளை விட்டு, பின்னிய மேலங்கி. ஒரு செல் இன்னொரு செல்லைத் தொடும்போது முதலில் படுவது அந்த அங்கிதான். வந்தவன் வேண்டியவனா வேண்டாதவனா என்று உடம்பு பார்ப்பதும் அதை வைத்துத்தான். அன்று இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

அவளுடைய வேலை அந்த அங்கியைக் கிழியாமல் கழற்றுவது. ஈஸ்ட்டின் அங்கி பெரும்பாலும் மான்னோஸ் என்ற சர்க்கரையால் ஆனது; அதற்கு மான்னான் என்று பெயர். சாற்றில் வேறு பலதும் கிடக்கும். தாமிரம் மான்னானை மட்டும் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். மற்றவை மேலே நின்றுவிடும். பிறகு அமிலத்தால் தாமிரத்தைக் கழுவி எடுக்க வேண்டும், சிறியவற்றை மட்டும் வெளியே கசியவிடும் ஜவ்வுப் பையில் கட்டி மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், உறையவைத்து உலர்த்த வேண்டும். கடைசியில் குடுவையில் பஞ்சுமிட்டாய் போல வெள்ளையாக ஒரு பிடி மிஞ்சும். நிறுத்துப் பார்த்தால் இரண்டு மூன்று தபால்தலைகளின் எடைதான் இருக்கும். வில்மா கொடுத்த மாதிரி என்றால் அந்தத் தளத்தில் யாரும் மறுபடி சோதிப்பதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வந்த ஈஸ்ட் சாதாரண ஈஸ்ட் அல்ல. ஊரிலுள்ள ஒரு மருத்துவமனையில், நோயெதிர்ப்புக் குறைந்து கிடந்தவர்களின் வாயிலிருந்து எடுத்து வளர்த்தது. குழுவின் தலைவர் ரடோவானுக்கு நாற்பத்து மூன்று வயது. உயரம், எப்போதும் ஒரு ஷூ நாடா அவிழ்ந்தே இருக்கும். அந்த ஈஸ்ட் வந்த அன்றே சுவரில் ஒரு தாளை ஒட்டினார். நோயாளிகளின் ஈஸ்ட்டைத் தொடும்போது முதலிலிருந்து கடைசி வரை கையுறை கட்டாயம். கீழே அவர் கையெழுத்து.

"வேகவச்சப்புறம் அதுல என்ன டாக்டர் உயிர் இருக்கப் போகுது? நூத்தி இருபது டிகிரில வெந்தது எந்திரிச்சு வந்து கடிக்குமா?" என்றாள் வில்மா.

"கடிக்காது. ஆனா ஆய்வுக்கு வர்றவங்க கடிப்பாங்க. போட்டுக்கங்க வில்மாம்மா."

போட்டுக்கொண்டாள். ஒரு வேலையை ஒத்துக்கொண்டால் அதை முழுதாகச் செய்வது அவள் பழக்கம். கடைசிக் கட்டத்தில், உலர்ந்த மான்னானைச் சுரண்டி எடுக்கும்போது, பழைய கையுறையில் என்னென்ன ஒட்டியிருக்குமோ என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து புதிதாக ஒரு ஜோடி எடுத்துப் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு முறையும்.

மூன்று நோயாளிகள், மூன்று மாதிரிகள். கருவியில் தனித்தனிச் சர்க்கரைகளாக உடைத்துப் பிரித்துப் பார்த்த வரைபடத்தில் மான்னோஸின் பெரிய மேட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு மேடு நின்றது. குளுக்கோஸ். மூன்றிலும் அது இருந்தது. போன வருடம் வில்மா எடுத்துக் கொடுத்திருந்த சாதாரண ஈஸ்ட்டின் மான்னானில் அது இல்லை.

அன்று ரடோவான் அவிழ்ந்த ஷூ நாடாவோடு நடைகூடத்தில் ஓடி வந்தார். "வில்மாம்மா! அங்கியில புதுசா ஒரு தையல்! நோயாளி உடம்புல இருக்கிற ஈஸ்ட் மட்டும் குளுக்கோஸ் கிளை போட்டிருக்கு. உடம்பு அதை அடையாளம் கண்டுபிடிக்க முடியாம ஏமாந்து போறது இதனாலதானோ என்னமோ!" அவர் குழுவுக்கு மூன்று வருடமாக எந்த உதவித்தொகையும் கிடைத்திருக்கவில்லை. "கட்டுரைல உங்க பேரும் வருது. நன்றி சொல்ற இடத்துல இல்ல, மேலே, ஆசிரியர் வரிசைல. மூணாவது பேர்."

இருபத்து நான்கு வருடத்தில் அவள் மாதிரிகளை வைத்து எழுதிய கட்டுரைகள் அறுபதுக்கும் மேல் இருக்கும். பெயர் வருவது இதுதான் முதல் தடவை. அன்று மாலை வீட்டில், சமையலறையில் நின்றபடியே கணவனிடம் சொன்னாள். இம்ரிக் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவன் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டுமென்றால் ஆட்கள் லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டியதில்லைதான். ஆனாலும் பெரும்பாலும் அப்படி மாட்டிக்கொண்டவர்களிடம்தான் சொன்னான். ஒரே வாரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோரு தளத்துக்கும் தெரிந்துவிட்டது. கட்டுரையை மாட்டுவதற்காகக் கூடத்துச் சுவரை அளந்து ஒரு கண்ணாடிச் சட்டமும் வாங்கி வந்தான்.

பிப்ரவரியில் கட்டுரையின் அட்டவணையை நகல் எடுக்கும்போதுதான் வில்மாவின் கண் அந்த எண்களில் நின்றது. ஆலையில் பழகிய கண். விழுக்காட்டைப் பார்த்தால் எடையாக மாற்றாமல் இருக்காது. முதல் நோயாளியின் மாதிரி அறுபது மில்லிகிராம், அதில் குளுக்கோஸ் ஐந்து விழுக்காடு. இரண்டாவது நூறு, மூன்று விழுக்காடு. மூன்றாவது நூற்றைம்பது, இரண்டு விழுக்காடு.

மூன்று. மூன்று. மூன்று.

பென்சிலை வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். ஆள் மாறினாலும் அது மாறவில்லை. மான்னான் இரண்டு மடங்கானாலும் அது இரண்டு மடங்காகவில்லை. அங்கியில் தைத்த தையல் என்றால் துணி கூடும்போது தையலும் கூட வேண்டாமா?

ரடோவானின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் தாளை வாங்கிப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார்.

"மூணே மூணு மாதிரி வில்மாம்மா. மூணுல எந்த எண்ணும் ஒத்துப்போகும்."

"ஒரு தடவை வெறும் தண்ணிய வச்சுப் பண்ணிப் பாக்கட்டுமா டாக்டர்? ஈஸ்ட்டே இல்லாம. மத்ததெல்லாம் அப்படியே."

"ஒண்ணுமில்லாததைச் சுத்தம் பண்ணப் போறீங்களா? ஒரு வாரம்?"

"ஆமா."

"அடுத்த வியாழக்கிழமை நான் ப்ர்னோ போறேன். அங்க தடுப்பூசி செய்றவங்ககிட்ட இதைத்தான் காட்டப் போறேன். பிடிச்சிருந்தா நமக்கு அஞ்சு வருஷம் வேலை." அவர் சிரித்தார். "சரி, பண்ணுங்க. யாராவது கேட்டா, வெறும் தண்ணியும் பாத்தாச்சுன்னு சொல்லலாம்."

அந்த வாரம் அவள் செய்ததைப் போன்ற வேலையை அதுவரை செய்ததில்லை. தண்ணீரில் தாமிரம் சொட்டினாள், ஒன்றும் திரளவில்லை. திரளாததை அடியில் உட்காரவைத்து, மேலே நிற்பதை வடித்தாள். அமிலத்தால் கழுவினாள். ஜவ்வுப் பையில் கட்டினாள். அவளுடைய முடிச்சைப் பார்த்த பக்கத்து அறை ஸ்லாத்தா, "காத்தைக் கட்டிப் போடுறியா? தப்பிச்சு ஓடிடப் போகுது, இன்னொரு முடிச்சுப் போடு" என்றாள். வில்மா இன்னொரு முடிச்சும் போட்டாள். கடைசியில் குடுவையில் எதுவும் இல்லை. இல்லாத அந்த எதையோ சுரண்டியால் சுரண்டி, குப்பியில் போட்டு, திங்கட்கிழமை கருவிக்குக் கொடுத்தாள்.

வரைபடம் நேர்கோடாக வந்தது. மான்னோஸும் இல்லை, குளுக்கோஸும் இல்லை.

"பாத்தீங்களா! ஒண்ணுமில்லாததைக்கூட என்னா சுத்தமா செஞ்சிருக்கீங்க!" என்று ரடோவான் அவள் தோளைத் தட்டினார். வில்மாவுக்கும் மனது லேசானது. தட்டிய இடத்தில் கோட்டு கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாகவே இருந்தது. எண்கள் தற்செயலாகத்தான் ஒத்துப்போயின. மூன்றாவது பெயர் மூன்றாவது இடத்தில் இருக்கும்.

மறுநாள் செவ்வாய், திருவிழாக் காலத்தின் கடைசி நாள். அடுத்த நாள் சாம்பல் புதன்; அதற்கப்புறம் ஈஸ்டர் வரை இனிப்பு, கொழுப்பு எல்லாவற்றிலும் கையைக் கட்டிப்போட வேண்டும். அதனால் ஸ்லாத்தா வீட்டிலிருந்து ஒரு தாம்பாளம் நிறைய ஷிஷ்கி என்ற இனிப்பு மாவுருண்டைகளைப் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். நடுவில் ஆப்ரிகாட் பழ ஜாம், மேலே பொடித்த சீனி. தேநீர் அறையில் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். எல்லோரும் வந்த பிறகுதான் திறப்பது வழக்கம்.

வில்மா புதிதாக வந்திருந்த நான்காவது நோயாளியின் மான்னானைச் சுரண்டி முடித்து, புதுக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டைக் கொக்கியில் மாட்டினாள். கறுப்புக் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு தேநீர் அறைக்கு வந்தாள்.

ஸ்லாத்தா இடுப்பில் கை வைத்தாள். "அடியே திருட்டுப் பூனை! நான் இன்னும் துணியே எடுக்கல, அதுக்குள்ள உள்ள கைய விட்டுட்டியா?"

"நானா? இப்பத்தான்டி வர்றேன்."

"அப்ப அது என்னதாம்?" ஸ்லாத்தா விரலை நீட்டினாள். வில்மாவின் கறுப்புச் சட்டையில், பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஐந்தாறு வெள்ளை விரல் தடங்கள். "பொடிச்ச சீனி பேசாது, ஆனா காட்டிக்கொடுத்துடும். எத்தனை தின்னே? உண்மைய சொல்லு."

வில்மா குனிந்து பார்த்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். துணியில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்கில் மெல்லிய வெள்ளைத் தூள். இத்தனை நாளும் வெள்ளைக் கோட்டில்தான் துடைத்திருக்கிறாள். வெள்ளையில் வெள்ளை எப்படித் தெரியும்?

"என்னடி, மூஞ்சி சுண்டிப் போச்சு? சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். எடுத்துத் தின்னு."

"ஸ்லாத்தா, வெறும் தண்ணிய வச்சு வேலை செஞ்சப்ப நான் கையுறை போட்டிருந்தேனா?"

"தண்ணிக்கு எதுக்குடி கையுறை? வெறுங்கையாலதானே முடிச்சுப் போட்டுட்டிருந்தே. இந்த முடிச்சு கைக்கு நல்லாத் தெரியுதுன்னு சொன்னியே."

வில்மா திரும்பி நடந்தாள். ஸ்லாத்தாவும் கையில் ஒரு ஷிஷ்கியோடு பின்னாலேயே வந்தாள். கையுறைப் பெட்டி மேசையில் இருந்தது. கிடங்கிலிருந்து வந்த பழைய சரக்கு. எளிதாகக் கை நுழையட்டும் என்று உள்ளேயும் வெளியேயும் தூள் பூசியது. ஒரு புது ஜோடியை எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். அலமாரியின் பின்னாலிருந்து அயோடின் புட்டியை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் விடுகிற அதே பழுப்பு மருந்து. ஒரு சொட்டு விட்டாள்.

பழுப்புச் சொட்டு தட்டைத் தொட்டதும் மைக்கறுப்பு நீலமாக மாறியது.

மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது குளுக்கோஸை நீளமாகக் கோத்த சங்கிலிதான். சிறு சர்க்கரையாக இருந்திருந்தால் ஜவ்வுப் பையிலேயே கழுவிப் போயிருக்கும். ஆனால் இது விழுந்தது பைக்குப் பிறகு, கடைசிக் கட்டத்தில், சுத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் அவள் புதிதாக எடுத்துப் போட்ட ஜோடியிலிருந்து. ஒரு மாதிரிக்கு ஒரு புது ஜோடி. ஒரு ஜோடிக்கு மூன்று மில்லிகிராம். அவள் கொஞ்சம் சோம்பேறியாக இருந்து பழைய கையுறையோடேயே சுரண்டியிருந்தால் அதில் பாதிகூட விழுந்திருக்காது.

கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, மூன்றாவது நோயாளியின் குப்பியிலிருந்து ஊசி முனையளவு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்தாள். அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். மான்னான் நிறமில்லாமல் கிடந்தது. அதற்கு நடுவே மூலை மழுங்கிய கறுநீல மணிகள்.

"எனக்கும் காட்டு." ஸ்லாத்தா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "வில்மா, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதே. நாளான்னைக்கு வியாழன். அந்த மனுஷன் ப்ர்னோ போய்ட்டு வரட்டும். வந்தப்புறம் சொல்லு. ரெண்டு நாள்ல என்ன கெட்டுப்போச்சு? இன்னைக்குப் பண்டிகை வேற."

"ஷிஷ்கி தீர்றதுக்கு முன்னாடியே எனக்கு ரெண்டு எடுத்து வை" என்றாள் வில்மா. "வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

அன்று மாலை இம்ரிக் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு உருண்டையைத் தட்டு நிறைய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பின்னால் சுவரில் வெறும் கண்ணாடிச் சட்டம் தொங்கியது.

"என்ன, உப்பு கூடிடுச்சா? மூஞ்சி அப்படி இருக்கு" என்றான்.

"அந்தக் கட்டுரை வராது இம்ரிக்."

கரண்டி பாதியில் நின்றது. "யார் சொன்னா?"

"இன்னும் யாரும் சொல்லல. நாளைக்கு நான் சொல்லப் போறேன்." நடந்ததை முழுவதும் சொன்னாள். அவனுக்குக் குளுக்கோஸ் புரியவில்லை, தூள் புரிந்தது.

"உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"ஸ்லாத்தாவுக்கு."

"அப்ப நாளைக்கு ஊருக்கே தெரியும்." கொஞ்ச நேரம் மென்றான். "ஒரு லிஃப்டுல பிரேக் தேஞ்சிருக்குன்னு வை. ஏறுறவனுக்குத் தெரியாது. நாங்க சீட்டுல எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு."

"நீ போட்டிருக்கியா?"

"ஒரே ஒரு தடவை. பண்டிகைக்கு முந்தின நாள். ஒண்ணும் ஆகல, அடுத்த வாரம் போய் மாத்திட்டேன்." கரண்டியைத் தட்டில் வைத்தான். "ஆனா அந்தக் கட்டடத்துக்கு இன்னைக்குப் போனாலும் நான் படியிலதான் ஏறுவேன். எட்டாவது மாடிக்கும்."

பிறகு அவன் எழுந்து, அவள் கொண்டுவந்த ஷிஷ்கி இரண்டையும் தின்றான். விரல்களைச் சட்டையில் துடைக்கப் போனவன், அவளைப் பார்த்துவிட்டுத் துணியைத் தேடி எடுத்துத் துடைத்தான்.

புதன்கிழமை காலை, ரடோவான் அறையில் கணினித் திரையில் ப்ர்னோவுக்கான படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வில்மா பீங்கான் தட்டு, ஒரு புது ஜோடிக் கையுறை, அயோடின் புட்டி மூன்றையும் அவர் மேசையில் வைத்தாள். கையுறையைத் தட்டினாள், அயோடினைச் சொட்டினாள்.

அவர் நீலத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. புரிந்த பிறகும் விடவில்லை. "கையுறைல மாவு இருக்குன்னு இது சொல்லுது. என் மாதிரில மாவு இருக்குன்னு சொல்லல."

"நுண்ணோக்கில வச்சிருக்கேன் டாக்டர். வந்து பாருங்க."

வந்தார். பார்த்தார். குமிழைத் திருகி வேறு இடத்தைப் பார்த்தார். அங்கும் மணிகள் இருந்தன.

"ஆனா நீங்க வெறும் தண்ணிய வச்சு..." என்று ஆரம்பித்தார்.

"வெறுங்கையால செஞ்சேன். தண்ணின்னு நினைச்சு. தப்பு என்னோடது. எல்லாம் அப்படியேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, ஒண்ணை விட்டுட்டேன்."

"போன வருஷத்து மான்னானும்..."

"அதுவும் வெறுங்கைதான். அப்ப கையுறை கிடையாது. இது நோயாளிங்க ஈஸ்ட் வந்தப்புறம்தான்." சொல்லிவிட்டு, சொல்ல நினைக்காமலே, அவள் கண் சுவரில் ஒட்டியிருந்த தாளுக்குப் போனது. அவர் கண்ணும் போனது. கீழே கையெழுத்து.

ரடோவான் சிரித்தார், நல்ல சிரிப்பு அல்ல. "மூணு வருஷம்... கடைசில ஒரு பெட்டி கையுறையா?" பிறகு குரல் கூர்மையானது. "ஏன் இன்னைக்கு? ஏன் ஒரு மாசம் முன்னாடி கண்ணுல படல உங்களுக்கு? இருபத்து நாலு வருஷமா உங்க மாதிரிய ஒருத்தன்கூட மறுபடி பாத்ததில்லையே, அதனாலதானே நானும் பாக்கல!"

அது குற்றச்சாட்டா, பாராட்டா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. "என் பேரை எடுத்துடுங்க டாக்டர்" என்றாள்.

"பேரா? பேரை எடுக்கறதுக்குக் கட்டுரை எங்க இருக்கு?" கணினியை மூடிவிட்டு வெளியே போனார். ஷூ நாடா தரையில் இழுபட்டது.

மறுநாள் அவர் ப்ர்னோ ரயிலேறினார். எந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போனார் என்று வில்மாவுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை திரும்பி வந்தவர் நடைகூடத்தில் தலையை மட்டும் அசைத்தார். திங்கள், செவ்வாயும் அப்படியே. தேநீர் அறையில் ஸ்லாத்தா, "கேளேன்டி, வாய்ல கொழுக்கட்டையா?" என்று முழங்கையால் இடித்தாள். வில்மா கேட்கவில்லை. அவர் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தால் அதைத் தன் காதால் கேட்க அவளுக்கு மனமில்லை. இந்த நிலையத்தில் படியில் ஏற வேண்டிய மாடி ஒன்று உண்டாவதை அவள் விரும்பவில்லை.

அதற்குப் பதிலாக வேலை செய்தாள். மூன்றாவது நோயாளியின் ஈஸ்ட் உறைபெட்டியில் மிச்சம் இருந்தது. கிடங்கில் சண்டை போட்டுத் தூள் இல்லாத கையுறை வாங்கினாள். போட்ட பிறகும் குழாயடியில் மூன்று முறை கழுவி, தட்டில் தட்டி, அயோடின் விட்டுப் பார்த்தாள். பழுப்பு பழுப்பாகவே நின்றது. பிறகுதான் ஈஸ்ட்டைத் தொட்டாள். பக்கத்திலேயே இன்னொரு வரிசையில் மறுபடியும் வெறும் தண்ணீர். இந்த முறை பழைய பெட்டியிலிருந்து ஒரு புது ஜோடி, எல்லாம் அப்படியே, நிஜமாகவே அப்படியே. இரண்டுக்கும் இடையே குழப்பம் வராமலிருக்க ஒரு வரிசையைக் காலையிலும் மற்றதை மதியத்துக்கு மேலும் செய்தாள். நடுவில் மேசையைத் துடைத்துக் கோட்டையும் மாற்றினாள்.

தாமிரம் சொட்டும்போது, மெல்லிய புதுக் கையுறைக்குள்ளும், குச்சி ஒரு நூல் கனத்தது. கைக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை இரண்டு வரைபடங்களும் வந்தன. மான்னானில் ஒரே ஒரு மேடு. பக்கத்தில் எதுவும் இல்லை. நோயாளியின் ஈஸ்ட்டும் சாதாரண ஈஸ்ட் உடுத்துவதைத்தான் உடுத்தியிருந்தது. வெறும் தண்ணீரில் ஒரு சின்ன மேடு. கணக்குப் போட்டாள்: மூன்று மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அந்த ஒற்றை மேட்டுக்குப் பக்கத்தில், பழைய வரைபடத்தில் சின்ன மேடு நின்ற இடத்தில், பென்சில் முனையை வைத்துப் பார்த்தாள். அந்தத் தையல் எவ்வளவு அழகாக இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. அது நிஜமாக இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை ரடோவான் அவள் அறை வாசலில் வந்து நின்றார். மருத்துவமனையில் டாக்டர் பத்து மணிக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். நோயாளிகளின் ரத்தம் இந்த அங்கியை அடையாளம் காண்கிறதா என்று பார்ப்பதற்கு, மருத்துவமனைக்கு மான்னான் வேண்டும். குளுக்கோஸ் கதை முடிந்தாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருந்தது.

வில்மா இரண்டு வரைபடங்களையும் நீட்டினாள். அவர் நின்றபடியே பார்த்தார். இரண்டாவதில் வெகுநேரம் நின்றார்.

"ப்ர்னோல சொல்லிட்டேன்" என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல் படத்துலயே. நாங்க கண்டுபிடிச்சது எங்க கையுறையைன்னு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. நல்லாவே சிரிச்சாங்க. அப்புறம் பின்வரிசைல ஒரு அம்மா எந்திரிச்சுப் போனாங்க. கால் மணி கழிச்சு ஒரு பெட்டியோட வந்தாங்க. அவங்க சோதனைக்கூடத்துக் கையுறைப் பெட்டி. அயோடின் இருக்கான்னு கேட்டாங்க." வாயின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. "அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல."

"அஞ்சு வருஷ வேலை?"

"தெரியல. சொல்றோம்னாங்க. சொல்லாமலும் போகலாம்." அவர் நிமிர்ந்தார். "அன்னைக்கு உங்ககிட்ட கத்தியிருக்கக் கூடாது வில்மாம்மா."

"பாதி நியாயமாத்தான் கத்தினீங்க. இனிமே என் மாதிரிய மறுபடி பாருங்க. எல்லாத்தையும்."

"பாக்கறேன்." தயங்கினார். "வீட்ல கட்டுரைக்காகச் சட்டம் மாட்டியிருக்கறதா ஸ்லாத்தா சொன்னாங்க..."

"எங்க வீட்டுக்காரர் அதுல பதினோரு தளத்துக்கும் போற லிஃப்டோட படத்தை மாட்டிட்டார். அதுவே அழகாத்தான் இருக்கு."

குப்பி தாங்கியில் தயாராக நின்றது. கீழே பஞ்சு போல வெள்ளை. சீட்டில் நோயாளியின் எண்ணும் எடையும் தேதியும் அவள் கையெழுத்தில் இருந்தன. அதன் கீழே, வழக்கமாக இரண்டு எழுத்து மட்டும் போடும் இடத்தில், இன்று என்னவோ முழுப் பெயரையும் எழுதியிருந்தாள். மூடியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு நீட்டினாள்.

ரடோவான் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, கால்சட்டையில் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அப்புறம் வாங்கிக்கொண்டார்.